அது பால் இல்லை

"ரவிக்கையைக் கழட்டும்மா. நான் பாக்கணும்."

அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அலமேலுவின் கை அப்படியே நின்றது. துருவுபலகையை விட்டு எழாமல் மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னாடி பேச்சு இது, காலங்காத்தால?"

"காதுல விழுந்துச்சுல்ல. எடது பக்கம். காட்டு."

"பசியாறிட்டு வாயேன். தோசை ஆறிப்போவுது."

"தோசை ஓடிப்போயிடாது."

இந்த ஒன்றை மட்டும் கேட்கவே கூடாது என்று பாக்கியலட்சுமிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். சொன்னவர் அப்பா. முந்தின நாள் சாயங்காலம் மலாக்கா பஸ் நிலையத்தில் அவளுடைய பெட்டியைச் சைக்கிளின் பின்பக்கம் கட்டும்போது, அவள் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அம்மாவுக்கு மாருல பால் கட்டிக்கிச்சு. மூணாவது வீட்டு பீபிக் உருவிவிடுது, ஊருட் பண்ணுது, சரியாயிரும். நீ பாட்டுக்குக் காட்டு, பாக்கணும்னு கேட்டுக்கிட்டு நிக்காத. பெத்தவகிட்ட கேக்குற காரியமா அது? கேக்கவே கூடாது. புரியுதா?"

அப்பா பிச்சை அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. செங் என்ற ஊருக்குப் போகும் சாலையில் ஒரு சீன முதலாளியின் கித்தா ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டு அடுக்குகிற மனிதர். எஸ்டேட்டில் பிறந்து டவுனுக்கு வந்தவர். பேச்சு என்றால் ஆமாம், இல்லை, சாப்டியா. அப்படிப்பட்டவர் வீடு வந்து சேரும்வரை இதையே மூன்று விதமாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். வீட்டில் கடைசியாகப் பிள்ளை பிறந்து மூன்று வருஷமாகிறது. அதுவும் தங்கவில்லை. மூன்று வருஷம் கழித்து எந்தப் பால் வந்து மார்பில் கட்டிக்கொள்ளும்?

பாக்கியலட்சுமி சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கி, அங்கேயே ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்குச் செய்து காட்டும் வேலையில் இருந்தாள். காஜா பெராங்கில், செட்டி கம்பம் என்ற குடியிருப்பை ஒட்டிய அந்தச் சந்தில், பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். பட்டம் என்றதும் சந்துக்காரர்கள் அவளை டாக்டர் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். போன விடுமுறையில் ஒருவர் மூலத்தைக் காட்ட வந்துவிட்டார். எனக்குத் தவளையும் கோழிமுட்டையும்தான் தெரியும் என்று அவள் சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவளிடம் இல்லாத குணங்களில் அது முதலாவது.

இப்போதும் அவள் அடுப்படி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அலமேலு மூடியைத் திருப்பிப் பிடித்துத் துருவ ஆரம்பித்தாள். இடது கை மூடியை அழுத்தவில்லை, சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. நேற்றுக் கொடியில் துணி போடும்போதும் அந்தக் கை தோளுக்கு மேல் போகவில்லை என்பதைப் பாக்கியம் கவனித்திருந்தாள்.

"அப்பா சொல்லியிருப்பாரே, கேக்கக் கூடாதுன்னு."

"சொன்னாரு. கேட்டுட்டேன். இப்ப என்னா?"

"அவ்ளோ படிச்சும் வாயி மட்டும் அப்படியே இருக்குது பாரு," என்றாள் அலமேலு. கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. பதினெட்டில் பாக்கியத்தைப் பெற்றவள். மகளின் வாய்க்கு அவள் பயந்ததில்லை. கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மீனாச்சி பீபிக் வந்தபோது தோசை நிஜமாகவே ஆறிப்போயிருந்தது.

பீபிக் மூன்றாவது வீட்டுக்காரி. பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறி மலாய் பேசப் பழகிவிட்ட செட்டி குடும்பம். நெற்றி நிறையத் திருநீறு, இடுப்பில் பூப்போட்ட கைலி, மேலே கெபாயாச் சட்டை, வாயில் மலாய். மாரியம்மன் கோயிலில் தேவாரம் பாடும்போது கண்ணீர் விடுவாள். ஆனால் அதில் ஒரு வரிக்கும் அவளுக்கு அர்த்தம் தெரியாது. சந்தில் எந்தப் பெண் பிள்ளை பெற்றாலும், தமிழச்சியோ சீனத்தியோ மலாய்க்காரியோ, பிரசவம் பார்க்கவும் நாற்பது நாளும் உடம்பு பிடித்துவிடவும் அவள்தான் வரவேண்டும். எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதற்கு ஊருட் என்று பேர். அதோடு அடுப்பில் சுட்ட ஆற்றுக்கல்லை இலையிலும் துணியிலும் சுற்றி ஒற்றடம் கொடுப்பாள். அந்தக் கல் துங்கு. பால் கட்டிக்கொண்டு கல்லாய்க் கிடந்த எத்தனையோ மார்புகளை அவள் விரல்கள் இளக்கிவிட்டிருக்கின்றன. அலமேலுவுக்கும்தான், நான்கு தடவை.

"ஆஹா, பாக்கியம் வந்தாச்சா!" என்று மலாயில் கூவினாள் பீபிக். "இளைச்சுட்டே லா. சிங்கப்பூர்ல சோறு போட மாட்டாங்களா? புஸ்தகத்தையே திங்கச் சொல்றாங்களா?"

"பீபிக், அம்மாவுக்கு எத்தனை மாசமா ஊருட் பண்றீங்க?" பாக்கியமும் மலாயில் கேட்டாள்.

"வந்ததும் விசாரணையா? பொங்கலுக்கு அப்புறம் ஆரம்பிச்சோம். வாராவாரம் வர்றேன். இது பிடிவாதக்காரப் பால். உன்னை மாதிரி."

அலமேலு உள்ளறையில் பாய் விரித்துப் படுத்தாள். மகளுக்குக் காட்ட மறுத்தவள், பீபிக் முன்னால் ஒரு தயக்கமும் இல்லாமல் கொக்கிகளைக் கழற்றினாள். பாக்கியம் உள்ளே வந்து கதவோரம் நின்றதைப் பார்த்து, "போடி வெளிய," என்றாள். பாக்கியம் போகவில்லை. சட்டென்று சேலையை இழுத்து மூடப் போனாள் அலமேலு. அதற்குள் பார்த்தாகிவிட்டது.

இடது மார்பின் மேற்பாதியில் தோல் எலுமிச்சைத் தோல் போலப் புள்ளிப் புள்ளியாய்க் குழிந்திருந்தது. காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது, யாரோ பின்னால் இருந்து நூல் கட்டி இழுத்ததைப் போல. வலது மார்பு நாற்பத்து மூன்று வயது மார்பு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

பாக்கியம் இரண்டு மார்பையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் டாக்டர் இல்லை. ஆனால் இதற்கு டாக்டர் தேவையில்லை.

பீபிக் உள்ளங்கையில் எண்ணெயைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, கட்டியின் மேல் கட்டைவிரலை வைத்து வட்டமாக அழுத்த ஆரம்பித்தாள். அலமேலு பல்லைக் கடித்தாள்.

"நிறுத்துங்க பீபிக்."

"வலிக்கத்தான் செய்யும். வலிச்சாத்தான் இளகும்."

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!"

குனிந்து பீபிக்கின் மணிக்கட்டைப் பிடித்தாள். எண்ணெய்க் கை வழுக்கியது. பீபிக் நிமிர்ந்து பார்த்த பார்வையில் முதலில் சிரிப்புதான் இருந்தது. பிறகு அது போய்விட்டது.

"அது பால் இல்ல," என்றாள் பாக்கியம். அம்மாவுக்காகத் தமிழில் ஒருமுறை, பீபிக்குக்காக மலாயில் ஒருமுறை. "அது கேன்சர். புத்து. நீங்க அமுக்க அமுக்க அது கலைஞ்சு உடம்பு பூரா போகும்."

அந்த வார்த்தையை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. அலமேலு சேலையை மார்பின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். பீபிக் கையைத் துணியில் துடைத்தாள், விரல் விரலாக.

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

"நீ படிச்சது மனுஷ வைத்தியம் இல்லையே. நீதானே சொன்னே, கோழிமுட்டைன்னு?"

"கோழிமுட்டையிலதான் பார்த்தேன்," என்றாள் பாக்கியம். "அதைத்தான் சொல்ல வர்றேன். ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷம் வாயை மூடிக்கிட்டுக் கேளுங்க."

கால்களை மடக்கிப் பாயின் விளிம்பில் உட்கார்ந்தாள். இதை வகுப்பில் நாற்பது பேருக்குச் சொன்னவள்தான். இரண்டு பெண்களுக்குச் சொல்ல வார்த்தை தேட வேண்டியிருந்தது.

"முட்டைய அடைக்கு வச்சு நாலஞ்சு நாள்ல உடைச்சா, உள்ளே குஞ்சு ஒரு நகத்தளவு இருக்கும். நாங்க அதுலேருந்து சிறுநீரகம் ஆகப்போற இடத்துல ஒரு துளி, எலும்பு ஆகப்போற இடத்துல ஒரு துளி வெட்டி எடுப்போம். உடம்பு பூராவும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன செல்லால ஆனது. ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்கும். அந்தப் பிடிய விடவைக்க ஒரு மருந்து இருக்கு, வயித்துல சோறு செரிக்கிற சாறு மாதிரி. அதை ஊத்தினா எல்லாம் கழண்டு தனித்தனியாப் போயிரும். தண்ணியில மாவு கரைச்ச மாதிரி. எது சிறுநீரகம், எது எலும்புன்னு யாராலயும் சொல்ல முடியாது. ரெண்டையும் ஒண்ணாக் கலந்து, மருந்தைக் கழுவிட்டு, சூடா வச்சிருவோம். மறுநாள் வந்து பார்த்தா..."

அந்த மறுநாள் காலையை நினைத்ததும் அவள் குரல் தானாகவே தணிந்தது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை. கலைத்துவிட்ட அத்தனையும் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொண்டு நின்றன. எலும்புக்கானது எலும்போடு, சிறுநீரகத்துக்கானது சிறுநீரகத்தோடு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் அழுத முதல் மாணவி என்று பையன்கள் கேலி செய்தார்கள்.

"மறுநாள் பார்த்தா அதது தன் ஆளைத் தேடிப் பிடிச்சிருக்கு. ஒருத்தர் கையை ஒருத்தர் கோத்துக்கிட்டு. அப்படித்தான் குஞ்சு உருவாகுது. அப்படித்தான் நாமளும் உருவானோம். புத்து வந்த செல்லு என்னான்னா, அந்தப் பிடிய விட்டுடுது. ஊசிய வச்சு இழுத்துப் பார்த்திருக்காங்க. நல்ல செல்லு லேசுல பிரியாது. இது தொட்டாக் கழண்டு வந்துருது. கழண்டது ரத்தத்துல போயி வேற எடத்துல உக்காந்துக்குது."

துங்குக் கல் துணிக்குள் சூடாகக் கிடந்தது.

"ஆக, சிங்கப்பூர்ல நீ கோழி அறுத்துத்தான் பாஸ் பண்ணியிருக்கே," என்றாள் அலமேலு. "அதை நானே இங்க கத்துக் குடுத்திருப்பேனே. பஸ்ஸு செலவு மிச்சம்."

தமிழ் அரைகுறையாகப் புரிந்த பீபிக் குலுங்கிச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். பாக்கியத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிங்க. நல்லாச் சிரிங்க. எலிக்குக் கட்டி வந்தப்ப அதைத் தேச்சுவிட்டுப் பார்த்திருக்காங்க, தெரியுமா? தேச்ச எலிங்களுக்கு நுரையீரல்ல போயி ஏகப்பட்ட கட்டி. தேய்க்காத எலிக்குக் கம்மி. நீங்க பொங்கல்லேருந்து வாராவாரம் அதைத்தான் பண்ணிக்கிட்டு இருக்கீங்க."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்தது. தான் பிறந்தபோது தொப்புள்கொடியை அறுத்துத் தன்னை எடுத்த கை அது. சொன்னது சொன்னதுதான். திருப்பி எடுத்துக்கொள்ள அவளுக்கு வழக்கமில்லை.

பீபிக் கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, "இங்க வா," என்றாள். பாக்கியத்தின் வலது கையைப் பிடித்து இழுத்து, அலமேலுவின் இடது அக்குளுக்குள் கொண்டுபோய், இரண்டு விரலை ஓரிடத்தில் அழுத்தி வைத்தாள்.

தோலுக்கு அடியில் உருண்டைகள். ஊறவைத்த ஜவ்வரிசி போல, ஆனால் கெட்டியாக. ஒன்றல்ல.

"போன மாசம் இது இல்லை," என்றாள் பீபிக். "எனக்குத் தெரியும். எத்தனை பெண்ணு உடம்பைத் தொட்டிருக்கேன். பால் அக்குளுக்கு ஏறும், ஆனா இப்படி இருக்காது. பால்னா அமுக்கினா நழுவும், இளகும். இது நகராமக் கிடக்கு. ரெண்டு வாரமா எனக்கு மனசே சரியில்லை. யாருகிட்டச் சொல்லுவேன்? சொன்னா உங்க அம்மா பயப்படுவா. அதான் இன்னும் கொஞ்சம் பலமா அமுக்கினேன்."

அப்படியே பாக்கியத்தின் விரல்களை விடாமல் கேட்டாள்:

"நான்தானா?"

இந்த இடத்தில் வேறு எந்தப் பெண்ணும், 'இல்லை பீபிக், அப்படியெல்லாம் இல்லை' என்று சொல்லியிருப்பாள். சொல்லியிருக்க வேண்டும். பாக்கியத்தின் நாக்கு நுனிவரை அது வந்தது. ஆனால் எலியைக் கொண்டுவந்து நடுவில் விட்டவள் அவள்தான்.

"தெரியல பீபிக்," என்றாள். "எலிக்கு அப்படி ஆவும்னு தெரியும். மனுஷிக்கு ஆவுமான்னு யாருக்கும் தெரியல. நீங்க தொடாமலே இருந்தாலும் அது அங்க போயிருக்கும்னு நெனக்கிறேன். இந்தச் செல்லுக்கு நடக்கத் தெரியும். கருவுல இருக்கும்போது எல்லா செல்லும் நடக்கும். ஒரு எடத்துல பிடிய விட்டு, நடந்து போயி, போகவேண்டிய எடத்துல பிடிச்சுக்கும். அப்பத்தான் கையி காலு உண்டாவும். அப்புறம் ஆயுசுக்கும் அடங்கி இருக்கும். சிலதுக்கு மட்டும் வயசான அப்புறம் அந்தப் பழைய வேலை ஞாபகம் வந்துருது போல. கருவுல செஞ்சா நல்லது. நாப்பத்து மூணு வயசுல செஞ்சா ஆளைக் கொல்லும். ஏன் ஞாபகம் வருதுன்னு எங்க வாத்தியாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்லத்தான் இவ்ளோ படிச்சியா?"

"ஆமா," என்றாள் பாக்கியம். "ஆனா ஒண்ணு தெரியும். இனிமே தொடாதீங்க."

பீபிக் அவள் விரலை விட்டாள். எண்ணெய்க் கிண்ணத்தை மூடினாள். கல்லைத் துணியோடு எடுத்து அறைக்கு வெளியே வைத்துவிட்டு வந்து, அலமேலுவின் கால்மாட்டில் உட்கார்ந்து, எண்ணெய் ஏறிய தன் கையால் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துவிடவில்லை. பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"தொடமாட்டேன் அலமேலு. இந்தப் பிள்ளை சொல்றது சரின்னு என் கைக்குத் தெரியுது. ஆஸ்பத்திரிக்குப் போ."

அலமேலு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"வெட்டி எடுத்துருவாங்க," என்றாள் சுவரிடம்.

"எடுப்பாங்க," என்றாள் பாக்கியம். "மாரு முழுக்க எடுப்பாங்க. அக்குள்ளயும் எடுப்பாங்க. அதுக்கு அப்புறமும் சரியாவும்னு நான் சொல்லமாட்டேன். அக்குள்வரைக்கும் வந்துருச்சு. ஆனா இப்படியே கெடந்தா என்னா ஆவும்னு நல்லாத் தெரியும்."

"மாரு போனாப் போவுது. அதுக்கா நான் அழறேன்? நாலு புள்ளைக்குக் குடுத்தாச்சு, இனிமே யாருக்கு வேணும்?" நால்வரில் பாக்கியமும், கோலாலம்பூரில் ரயில்வேயில் இருக்கும் தம்பியும், ஜோகூரில் வாழ்க்கைப்பட்ட தங்கையும்தான் உயிரோடிருப்பவர்கள்.

"அப்புறம் என்னா?"

அம்மா திரும்பாமலே சொன்னாள்.

"இது அவனோடது பாக்கியம். கடைசிப் புள்ளையோடது. அவன் பொறந்து ஒரு வாரம்கூட இல்லையே. போனப்புறமும் பால் பாட்டுக்கு வந்துச்சு. ஜாக்கெட்டு நனைஞ்சு, பாயி நனைஞ்சு... பீபிக்தான் உருவி உருவி எடுத்து ஊத்துச்சு, செடிக்கு ஊத்துச்சு. எல்லாத்தையும் எடுக்க வேணாம், கொஞ்சம் இருக்கட்டும்னு நான்தான் மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேன். அதே பக்கம். அதே எடம். கட்டி வந்தப்ப எனக்குப் பயமே வரல. அவன் குடிக்காம விட்டுட்டுப் போனது, எனக்குன்னு தங்கியிருக்குன்னு... எளகித் தானா வெளிய வந்தா வரட்டும். கத்தி வச்சு எடுத்துக் குப்பையில போட விடமாட்டேன்."

பாக்கியம் அப்போது சிங்கப்பூரில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிந்த பிறகுதான் வீட்டிலிருந்து தகவல் வந்தது. அந்தக் கடைசித் தம்பியின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. அதற்காக யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் மூன்று வருஷமாக எல்லோரையும் கோபித்துக்கொண்டிருந்தாள்.

அவள் நகர்ந்துபோய் அம்மாவின் முதுகுப்பக்கம் சாய்ந்து படுத்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அப்படிப் படுத்ததில்லை.

"பால் அன்னைக்கே வத்திப்போச்சும்மா. எதுவும் மிச்சம் இல்ல."

"நீ என்னாத்தக் கண்டே?"

"அவனை நான் காணல. ஆனா அவன் எப்படி உண்டானான்னு எனக்குத் தெரியும். நூறு முட்டையில பார்த்திருக்கேன். உன் வயித்துக்குள்ள ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு, ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிச்சு. நடந்து போயி, அது அது எடத்துல நின்னுச்சு. கண்ணு, காது, வெரலு, நகம். எல்லாம் சரியா இருந்துச்சுன்னு பீபிக் சொல்லிச்சே?"

"நகம்கூட வளந்திருந்துச்சு," என்றாள் அலமேலு.

"பிடிச்சுக்கிட்டதாலதான் அவன் வந்தான். இது பிடிய விட்டதால வந்துருக்கு. அவனுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அவன் உன்னைக் கொல்ல எதையும் வச்சிட்டுப் போவல. அவன் பேரை இதுக்கு வைக்காதம்மா. பாவம் அவன்."

வெளியே சாலையில், மெர்டேக்காவுக்கு, மலாயாவின் சுதந்திர நாளுக்கு, தோரணவாயில் கட்டுகிறவர்கள் ஏணியை எங்கே சாய்ப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பேரா?" என்றாள் அலமேலு. "பேரு வைக்கிறதுக்குள்ளதான் போயிட்டானே. பேரு இல்லாமத்தானே கொண்டுபோயி வச்சாங்க."

"நீ ஒண்ணு நெனச்சு வச்சிருந்திருப்பே."

அம்மா திரும்பினாள். மகளின் முகம் இவ்வளவு கிட்டத்தில் இருப்பதை எதிர்பார்க்காதவள் போலக் கொஞ்சம் விழித்தாள்.

"கருணாகரன்," என்றாள். யாரிடமும் சொல்லாத பெயர். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பீபிக் கால்மாட்டிலிருந்து அந்தப் பெயரை மலாய் வாயால் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அப்போதுதான் அலமேலு வாய்விட்டு அழுதாள். மூன்று வருஷத்து அழுகை, சத்தமாக, கூச்சமில்லாமல். பாக்கியம் சும்மா இருக்கச் சொல்லவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. அழுது முடிக்கட்டும் என்று கிடந்தாள்.

மத்தியானம் பிச்சை சாப்பிட வந்தார். புகைவாடைச் சட்டையோடு அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தவருக்கு யாரும் இலை போடவில்லை. உள்ளறையில் மனைவி குளித்து ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். பீபிக் ஒரு பையில் கைலியும் துண்டும் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மகள் கூடத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"கேட்டுட்டியா?" என்றார்.

"கேட்டேன். பார்த்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"நான் என்னா சொன்னேன் ஒனக்கு?"

"கேக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. கேக்காம இருந்தா அது இல்லைன்னு ஆயிடுமாப்பா? ஒங்களுக்குத் தெரியும், அது பால் இல்லைன்னு. அதான் நேத்து அவ்ளோ பேசினீங்க."

பிச்சை தூணைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கையில் கித்தாப் புகை ஏறி நகக்கண்ணெல்லாம் கறுத்திருந்தது.

"என் தங்கச்சி எஸ்டேட்ல நடந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனா," என்றார். "தானாவே நடந்து போனா, பாக்கியம். திரும்பி வரும்போது வெள்ளத்துணியில சுத்திக் கொண்டாந்தாங்க. எங்கம்மா கேட்டுச்சு, நடந்து போன புள்ளைய என்னா செஞ்சீங்கன்னு. ஒருத்தன் பதில் சொல்லல."

பாக்கியம் செருப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். அத்தை எப்படி இறந்தாள் என்று அவள் கேட்டபோதெல்லாம் காய்ச்சல் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அவள் கோபம் நின்ற இடத்தில் கொஞ்சம் அசைந்தது.

"நான் கூடவே இருப்பேன். கேட்டுக்கிட்டே இருப்பேன். பதில் சொல்ற வரைக்கும் விடமாட்டேன். என் வாயி ஒங்களுக்குத் தெரியும்ல?"

"மெர்டேக்கா முடியட்டுமேம்மா. ஊரே லீவு விடப்போவுது. இந்த நேரத்துல டாக்டருங்க..."

"இன்னைக்கு இருக்காங்க."

"புருஷன் சம்மதம் கேப்பாங்க. நான் வரலைன்னா என்னா செய்வே?"

இது மிரட்டல் இல்லை, கெஞ்சல் என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்தாலும் பதில் மாறப்போவதில்லை.

"வந்தா நல்லது. வரலைன்னா, புருஷனுக்குப் பயம், வரமாட்டேங்கிறாருன்னு டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லுவேன். சம்மதம் அம்மாவோடது. அது கெடைச்சிருச்சு."

"இவ சின்னப்புள்ள, ஏதோ பேசுறா. அலமேலு, நீ சொல்லு."

அலமேலு பண்டிகைக்கு வைத்திருந்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, இடது கையை வயிற்றோடு அணைத்தபடி உள்ளறையிலிருந்து வந்தாள். புருஷனைக் கடக்கும்போது ஒரு கணம் நின்றாள். அவர் சட்டையின் தோளில் ஒட்டியிருந்த கரித்தூளை வலது கையால் தட்டிவிட்டாள். பிறகு படியிறங்கிப் போய்விட்டாள். பீபிக் குடையை விரித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

"சாப்பிட்டுட்டாவது போங்களேன்," என்றார் பிச்சை, வாசலுக்கும் மகளுக்கும் பொதுவாக.

"சோறு அடுப்புல இருக்கு. கொழம்பு மூடி வச்சிருக்கு. போட்டுச் சாப்பிடுங்கப்பா."

"எப்ப வருவீங்க?"

அவளுக்குத் தெரியாது. சாயங்காலத்துக்குள் வந்துவிடுவோம் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யாகிவிட்டால் இந்த மனிதர், தங்கைக்காகக் காத்திருந்ததைப் போல, இன்னொருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது அக்குளைப் பற்றி. பொங்கலில் இருந்து உருவிவிட்டதையும் மறைக்கக் கூடாது, ஆனால் பீபிக்கை யாரும் ஒரு வார்த்தை சொல்ல விடக் கூடாது. சிங்கப்பூருக்குத் திரும்புவது அப்புறம். இதெல்லாம் அவள் அம்மாவின் முதுகோடு படுத்திருந்தபோதே முடிவாகியிருந்தது. இனி பேச எதுவும் இல்லை.

"ராத்திரிக்குள்ள யாராவது வந்து சொல்லுவோம்," என்றாள்.

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பாக்கியம், நில்லு. ஒரு நிமிஷம் நில்லு..."

அவர் இரண்டாம் முறை கூப்பிட்டபோது அவள் முற்றத்தைத் தாண்டிச் சாலைக்கு வந்திருந்தாள்.